மூன்று சிவப்புப் புள்ளிகள்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. ஒரு பட்டறையில் லேத் ஓட்டும் சபாபதி சொல்லிக் கேட்டது. கூட்டாமல் எழுத முயல்கிறேன்.

கோவையில் பம்புக்குள் சுழலும் இரும்புத் தண்டு, அதாவது ஷாஃப்ட், செய்யும் பட்டறை அது. ஐந்து லேத்துகள் கடைந்து கொடுப்பதை ஒரே ஒரு கிரைண்டிங் மெஷின் தேய்த்து முடிக்கும். அதை ஓட்டுபவள் ரெஜினா.

ஒரு புதன்கிழமை, சூப்பர்வைசர் நாச்சிமுத்து அவளிடம் வந்தார். அவளுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

"அம்மிணி, அஞ்சு லேத்தும் நிக்காம ஓடுது. அப்புறமும் ஏன் சரக்கு வெளிய போகமாட்டேங்குது?"

சுவரில் ஒரு போர்டு. அதில் ஐந்து லேத்துகளின் பெயர்கள். எந்த லேத் சும்மா நிற்கிறதோ அதற்குச் சிவப்புப் புள்ளி. அந்த லேத்தை ஓட்டுபவனை, வேலை செய்யாமல் உட்கார்ந்திருக்கும் 'மாப்பிள்ளை' என்று பட்டறையே கூப்பிடும்.

அன்று போர்டில் ஒரு புள்ளிகூட இல்லை.



"சனிக்கிழமைக்குள்ள நாற்பது ஷாஃப்ட் போகோணும். போகலைன்னா ஆர்டர் கைவிட்டுப் போயிரும். ரெண்டாவது ஷிப்டை மூடிருவாங்க. பதினாலு பேரு, அம்மிணி."

"தெரியுமுங்கண்ணா. அதுல நானும் ஒருத்தி."

"அப்ப ஒரு வழி சொல்லு."

"அந்த நாற்பதுல ஒண்ணை எடுத்துக் குடுங்க."

அவள் மெஷினைச் சுற்றி ஷாஃப்டுகள் இடுப்பளவு குவிந்திருந்தன. எல்லாம் வேறு வேறு ஆர்டர். நாச்சிமுத்து குனிந்தார். ஒன்றைத் தூக்கி ஓரம் வைத்தார். இன்னொன்றை உருட்டினார். சட்டையெல்லாம் ஆயில்.

ரெஜினா கைகட்டி நின்றாள். அவளுடைய மெஷினின் சாணைக்கல் தேய்க்க ஒன்றுமில்லாமல் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது.

கால் மணி நேரம் கழித்து ஒன்று கிடைத்தது.

"தினமும் இப்படித்தான் தேடறயா?"

"நீங்க ஓட்டச் சொல்றதெல்லாம் இங்கதானுங்க வந்து விழுது."

அவர் அந்த ஷாஃப்டோடு நிமிர்ந்து, புள்ளியே இல்லாத போர்டைப் பார்த்தார்.

பிறகு அதை அவளிடம் கொடுத்துவிட்டு லேத்துகளின் பக்கம் நடந்தார். முதல் லேத்தை நிறுத்தினார். இரண்டாவதை. மூன்றாவதை.

மூன்றாவது சபாபதியுடையது.

"ஏனுங்க, இந்த வயசுல என்னை மாப்பிள்ளை ஆக்கிப்போட்டீங்களே?"

யாரும் சிரிக்கவில்லை. நாச்சிமுத்து சிவப்புச் சாக்கட்டியை எடுத்து மூன்று புள்ளிகளையும் தானே வைத்தார்.

"வாங்க. மூணு பேரும் அந்தக் குவியலைப் பிரிங்க."

சபாபதி சொன்னது இவ்வளவுதான்.

போன மாதம் நான் அந்தப் பட்டறைக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டாவது ஷிப்டு ஓடிக்கொண்டிருந்தது. போர்டில் லேத்துகளின் பெயர்கள் இல்லை. 'கிரைண்டிங்' என்று மட்டும் எழுதியிருந்தது; அதற்கு நேரே ஒரு புள்ளிகூட இல்லை.