துளியும் குறையாத நீலவண்டி

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் பெண்கள் மேல்நிலைப் பள்ளி இருந்தது. அதன் இயற்பியல் ஆய்வகத்தில், கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டில், இரண்டு சிறிய மரவண்டிகள் அருகருகே வாழ்ந்து வந்தன. ஒன்று நீலம், மற்றது மஞ்சள். இரண்டுமே உள்ளங்கையில் வைத்துத் தூக்கிவிடக்கூடிய அளவு.

நீலத்தின் மூக்கில் ஒரு சுருள்வில் இருந்தது. எதில் மோதினாலும் அது அமுங்கும். அமுங்கிய வேகத்தில் விரியும். மஞ்சளின் மூக்கு வெறும் மரம்.

பதினொன்றாம் வகுப்புக்கு உந்தமும் ஆற்றலும் நடத்தும் நாள் ஆண்டுக்கு ஒரு முறை வரும். அன்று வேதவல்லி டீச்சர் இரண்டையும் வெளியே எடுப்பார். நீண்ட மேசையின் நடுவில் மஞ்சளை நிறுத்தி, ஒரு கோடியிலிருந்து நீலத்தைத் தள்ளிவிடுவார். நீலம் ஓடிவந்து மோதி, மோதிய இடத்திலேயே நின்றுவிடும். அது கொண்டுவந்த வேகம் முழுவதையும் வாங்கிக்கொண்டு மஞ்சள் மறுகோடிக்கு ஓடும்.

"பாத்தீங்களா? இதுதான் மீட்சி மோதல்" என்பார் டீச்சர். "உந்தம் அப்படியே இருக்கு. ஆற்றலும் அப்படியே இருக்கு. இழப்பே கிடையாது."

பிள்ளைகள் கைதட்டுவார்கள். நீலத்தின் வில் சிலிர்த்துக்கொள்ளும்.

அலமாரிக்குத் திரும்பியதும் நீலம் கேட்கும்: "காதில் விழுந்ததா? இழப்பே கிடையாதாம்."

"விழுந்தது" என்றது மஞ்சள், ஓர் ஆண்டு. "நீ வந்துவிட்டாய் என்று நான் அறிவதற்குள் மேசையின் அந்தக் கோடியில் இருக்கிறேன். நீ என்னைத் தொட்டாயா இல்லையா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது."

"அதில்தானே பெருமை. கொடுத்ததில் குறைவில்லை. உடம்பில் ஒரு கீறலில்லை."

"பெருமைதான்" என்ற மஞ்சள் மேலும் சொன்னது: "ஓடி நின்றதும் திரும்பிப் பார்ப்பேன். நீ எப்போதும் தூரத்தில் இருப்பாய்."

அந்தத் தூரத்தை நீலமும் பார்த்திருக்கிறது. ஆனால் கைதட்டல் காதில் நின்றது.

மறு ஆண்டு பாடத்தின் நடுவில் இசக்கியம்மாள் என்ற பெண் எழுந்து நின்றாள். "டீச்சர், ரெண்டும் முட்டி அப்படியே ஒட்டிக்கிட்டா என்ன ஆகும்?"

"கல்யாணம் ஆகும்ட்டி!" என்றது பின்பெஞ்சு.

வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டார். "அதுக்குப் பேரு மீட்சியற்ற மோதல். வருஷா வருஷம் போர்டுல எழுதிப்போட்டு முடிச்சிருவேன். நாளைக்குச் செஞ்சே காட்டுறேன்."

மேசை இழுப்பறையில் கிடந்த மெழுகுவத்தித் துண்டு ஒன்றை எடுத்து, கைச்சூட்டில் பிசைந்து உருட்டி, வண்டிகளின் பக்கத்தில் வைத்துப் பூட்டினார்.

மஞ்சளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "நாளைக்கு நாம் சேர்ந்து போகப்போகிறோம். மேசையின் கோடிவரைக்கும்!"

"ஒட்டிக்கொண்டால் பாதி ஆற்றல் போய்விடும்" என்றது நீலம். "டீச்சர் எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன்."

"பாதி போனால் பாதி இருக்குமே."

"வேகமும் பாதிதான்."

"மெதுவாகப் போனால் என்ன குடி முழுகிவிடும்? இத்தனை வருடமாக அந்த மேசையில் ஓடுகிறேன். அதில் என்ன இருக்கிறது என்று ஒரு நாள் பார்த்ததில்லை."

பக்கத்திலிருந்த மெழுகு சிரித்தது. "நீலத்துக்குக் கணக்கு நன்றாக வருகிறது."

"நீ சும்மா இரு. உனக்கென்ன தெரியும்?"

"எனக்கா? கரண்டு போன நாளெல்லாம் குறைந்து குறைந்து இந்த உருண்டை ஆகியிருக்கிறேன். குறைவதைத் தவிர வேறெதுவும் எனக்குத் தெரியாது. நீ பயப்படுகிற அளவுக்கு அது மோசமில்லை."

மஞ்சள் மெல்லக் கேட்டது: "நாளைக்கு வில்லை மடக்கிக்கொள்வாயா?"

"மடக்கிக்கொள்கிறேன்" என்றது நீலம். சொன்னபோது மனதாரத்தான் சொன்னது.

மறுநாள் டீச்சர் நீலத்தின் வில்லை அமுக்கி, அதன்மேல் ஒரு சிறு கொக்கியை மாட்டினார். மஞ்சளின் முகத்தில் மெழுகை அப்பினார். "தள்ளு இசக்கி."

நீலம் ஓடியது. மெழுகு மினுமினுத்தது. அதன் பின்னால் மஞ்சள் அசையாமல் காத்து நின்றது. ஒரு சாண் இடைவெளி இருக்கும்போது நீலத்துக்கு அந்தப் பாதியின் நினைவு வந்தது. போன பாதி திரும்பி வராவிட்டால்? குறைந்துபோன வண்டிக்கு யார் கைதட்டுவார்கள்? உடம்பு ஒரு குலுங்கு குலுங்கியது. கொக்கி நழுவியது.

வில் பாய்ந்தது. மஞ்சள் மேசையின் மறுகோடியில் போய் விழுந்தது.

"ஏட்டி, நீலத்துக்கு வந்த ரோஷத்தப் பாரு!" என்றாள் பின்பெஞ்சுப் பர்வீன்.

டீச்சர் கொக்கியை இன்னும் இறுக்கி மாட்டினார். மஞ்சள் பழைய இடத்தில் வந்து நின்றது. முகத்து மெழுகில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அது மறுபடியும் காத்திருந்தது.

இந்த முறை நீலம் தன்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் ஓடியது. மெழுகின் குழைவு மூக்கில் பட்டது. அந்தக் கணத்தில் பயம் முந்திக்கொண்டது; கொக்கி மறுபடியும் நழுவி வில் பாய்ந்தது.

"கொக்கி தேஞ்சு போச்சு போல. இது சரிப்படாது" என்றார் டீச்சர். "கீழ்த்தட்டுல பச்சையா ஒண்ணு கிடக்கும். அத எடுத்துட்டு வாம்மா."

பச்சை வண்டிக்குச் சாயம் உரிந்திருந்தது. ஒரு சக்கரம் கீச்சிட்டது. வில் கிடையாது. யாரும் அதற்காக ஒரு நாளும் கைதட்டியதில்லை. அது கீச் கீச்சென்று ஓடியபோது பிள்ளைகள் வாய்பொத்திச் சிரித்தார்கள்.

சப்பென்று ஒரு சத்தம். பிறகு இரண்டும் சேர்ந்து நகர்ந்தன. மெதுவாக, மிக மெதுவாக, மசிக்கறைகளையும் யாரோ காம்பஸால் கீறிய பெயர்களையும் தாண்டிக்கொண்டு போயின. சிரிப்பு அடங்கிவிட்டது. மேசையின் கோடியில் அவை நிற்கும்வரை எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கைதட்ட ஒருத்திக்கும் தோன்றவில்லை.

"உந்தம் குறையல. ஆற்றல்ல மட்டும் பாதி போச்சு" என்றார் டீச்சர்.

"எங்க டீச்சர் போச்சு?"

"எங்கயும் ஓடிறல. மெழுகை நசுக்கினதுல, சூடா மாறிருச்சு."

இசக்கி மெழுகின்மேல் விரலை வைத்துப் பார்த்தாள். "ஒண்ணும் தெரியலையே டீச்சர்."

"நமக்குத் தெரியாது, அவ்வளவு கொஞ்சம்." டீச்சர் ஒட்டி நின்ற வண்டிகளைப் பார்த்தார். "அதுகளுக்குத் தெரியுமோ என்னவோ."

"பிரிச்சு வச்சிரட்டுமா?"

"வேண்டாம். அப்படியே வை."

அலமாரி பூட்டப்பட்டதும் நீலம் கேட்டது: "பாதி போய்விட்டதா?"

"போய்விட்டது" என்றது மஞ்சள்.

"வலித்ததா?"

மஞ்சள் யோசித்தது. "இல்லை. கதகதப்பாக இருந்தது."

பிறகு, "நீ வருவாய் என்றுதான் நின்றேன், இரண்டு தடவையும்" என்றது. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நீலத்துக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

நீலத்தின் மூக்கில் நகத்தளவு மெழுகு ஒட்டியிருந்தது. ஆண்டு முழுவதும் நீலம் அதைக் காத்தது. சித்திரை வெயிலில் அது இளகியபோது வழிந்துவிடுமோ என்று பதறியது. மார்கழிக் குளிரில் இறுகியபோது உதிர்ந்துவிடுமோ என்று அசையாமல் இருந்தது. பக்கத்தில் மஞ்சளும் பச்சையும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டிருக்கும். நீலம் தனக்குள் சொல்லிக்கொள்ளும்: அடுத்த முறை விடமாட்டேன். அடுத்த முறை வில்லை விடவே மாட்டேன்.

அடுத்த முறை வந்தது. வேறு பிள்ளைகள், அதே மேசை.

"ஸ்பிரிங்ல என்ன மெழுகு? துடைச்சிரும்மா. அது இருந்தா கணக்கு தப்பிரும்" என்றார் டீச்சர். ஒரு பெண் நகத்தால் சுரண்டி, கைக்குட்டையால் அழுந்தத் துடைத்தாள். "அந்தக் கொக்கியும் வேண்டாம், கழட்டிரு."

மேசையின் நடுவில் மஞ்சளையும் பச்சையையும் ஒட்டியபடியே நிறுத்தினார். "இனிமே இது ரெட்டை வண்டி. நிறையும் ரெண்டு மடங்கு. நீலம் வந்து மோதினா என்ன ஆகும், சொல்லுங்க பாப்போம்."

"நின்னுரும் டீச்சர்!"

"பாருங்க."

நீலம் என்றும் ஓடாத ஓட்டம் ஓடியது. பாதி போகட்டும், முழுவதும் போகட்டும் என்று ஓடியது. நெருங்கியபோது தன் பலத்தையெல்லாம் கூட்டி வில்லைப் பிடிக்கப் பார்த்தது. பிடிக்கக் கொக்கி இல்லை. வில் தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தது.

ரெட்டை வண்டி கீச்சிட்டபடி ஒன்றாக விலகிப் போனது. நீலம் மோதிய இடத்தில்கூட நிற்கவில்லை. பின்னோக்கி உருண்டு, தன்னைத் தள்ளிவிட்ட கையிடமே திரும்பி வந்தது.

பிள்ளைகள் பலமாகக் கைதட்டினார்கள். டீச்சர் கணக்கைப் போட்டு முடித்து, கரும்பலகையின் கடைசி வரியில் எழுதினார்:

இழப்பு: சுழி.