உச்சியில் பூசிய கரடிநெய்

அந்தக் காலத்தில் கரடிக்குப் பேச்சு இருந்தது. மனிதனுக்கு வழுக்கை கிடையாது. பல்லெல்லாம் போன கிழவன்கூடத் தலை நிறைய முடியோடுதான் சுடுகாட்டுக்குப் போனான். இன்று குளித்துவிட்டுத் துண்டை உதறிப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்களுக்கு இதை நம்புவது கஷ்டம்தான். ஆனாலும் அப்படித்தான் இருந்தது. அது எப்படிக் கெட்டது என்பதைச் சொல்கிறேன். சந்தோஷமாகச் சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

தேன்கரடு என்றொரு பாறைமலை. மேலே பாறை இடுக்குகளில் கரடிகள் இருந்தன, கீழே குடிசைகளில் மனிதர்கள் இருந்தார்கள். இரண்டு கூட்டமும் ஒரே ஊற்றில் தண்ணீர் குடித்தன. மனிதர்கள் புகை போட்டுத் தேன் எடுத்தால் பாதி அடையைக் கரடிகளுக்கு வைத்துவிட்டு வருவார்கள். எந்தக் கொடிக்குக் கீழே கிழங்கு விளைந்திருக்கிறது என்று கரடிகள் மோந்து சொல்லும். தாய்க்கரடி புற்றை உடைத்துக் கறையான் உறிஞ்சப் போகும்போது குட்டியை ஏதாவது ஒரு வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போகும். வீட்டுக்காரி தன் பிள்ளையோடு அதையும் பார்த்துக்கொள்வாள். இதில் யாருக்கும் யாரும் நன்றி சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றாத அளவுக்குப் பழக்கம்.

ஊர் தினையை நம்பி வாழ்ந்தது. முதல் மழைக்கு விதைப்பு. விதைத்தினையைப் புடைத்துச் சுத்தம் செய்வது பெண்கள் வேலை, அதற்கு ஒரு கட்டுப்பாடும் இருந்தது. விதையில் ஒரு தலைமுடி கிடக்கக் கூடாது. கிடந்தால், செத்தவர்கள் மண்ணுக்கடியிலிருந்து அந்தப் பெண்ணின் முடியைப் பிடித்து இழுக்கிறார்கள் என்று அர்த்தம். அவளை ஊரில் வைத்துக்கொண்டு விதைத்தால் விதையையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்வார்களாம். அதனால் விதைப்பு அன்று அவள் ஓடையைத் தாண்டிப் போய்விட வேண்டும், அறுப்பு முடிந்துதான் திரும்ப வேண்டும். கைப்பிள்ளை இருந்தால் அது ஊரோடு இருக்கும். அதையும் இழுத்துக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்றார்கள். இப்படி ஏற்பாடு செய்கிறவர்கள் என்றைக்கும் பால் கொடுக்கிறவர்களாக இருப்பதில்லை.

ஆண்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. பிள்ளை பெற்ற ஒவ்வொருத்திக்கும், பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும் நேரத்தில், முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். அவர்கள் தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள். விழுந்ததைச் சுவர் வெடிப்பில் திணித்தார்கள், அடுப்பில் போட்டுப் பொசுக்கினார்கள். ஒருத்தியும் தப்பவில்லை, ஒருத்தியும் வாய் திறக்கவும் இல்லை.

வெள்ளச்சிக்கும் அப்படித்தான் கொட்டியது. கோடன் என்பவனின் மனைவி அவள். ஆண்பிள்ளை பிறந்து, அது அவள் முகத்தைக் கண்டால் பொக்கை வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்த சமயம். மற்றவர்களைப் போல அவளும் துணி கட்டியிருந்தாள். புழுக்கம் தாங்காமல் ஒரு மதியம் அதை அவிழ்த்துவிட்டுத் தினை புடைத்தாள். செய்த தப்பு அவ்வளவுதான். ஊர்த்தலைவன் நஞ்சன், அவனை மூப்பன் என்பார்கள், விதைக்கூடையில் கைவிட்டபோது நீளமாக ஒரு முடி விரலில் சுற்றிக்கொண்டு வந்தது.

கோடன் அவன் காலில் விழுந்தான்.

"மூப்பரே, பச்சைப்பிள்ளை. தாய்ப்பால் இல்லேன்னா பொழைக்குமோ பொழைக்காதோ."

"ஆடு இருக்கு, பால் இருக்கு. ஊரே பட்டினி கெடந்தா உன் பிள்ளைக்கு யாரு என்னத்த குடுப்பா?" என்றான் மூப்பன். கோடன் எழுந்திருக்கவில்லை. கடைசியில் மூப்பன், "முதல் மழைக்குள்ள அவ தலையில முடி பழையபடி நெறையட்டும், இருக்கச் சொல்றேன். இல்லேன்னா போகத்தான் வேணும்" என்றான்.

கோடன் அன்றே மருந்து தேடி ஓட ஆரம்பித்தான். ஓடைக்கரையில் கரிசலாங்கண்ணி பறித்து வந்து அரைத்துப் பூசினான். நெல்லிக்காயை இடித்தான், செம்பருத்தி இலையைக் கசக்கி நுரையைத் தேய்த்தான். காட்டு வெங்காயத்தை வெட்டித் தேய்த்ததில் அவள் தலை வெந்து கொப்புளம் கண்டது. யாரோ சொன்னார்கள் என்று ஆட்டுப் புழுக்கைச் சாம்பலைக் குழைத்து அந்தக் கொப்புளத்தின் மேலேயே அப்பினான். வெள்ளச்சி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மருந்தைக் கழுவும்போதும் அதோடு முடியும் போனது.

கடைசியில் மலையேறிப் போய்க் கரடியக்காவைக் கூட்டி வந்தான். ஊரே அந்தத் தாய்க்கரடியை அப்படித்தான் கூப்பிட்டது. அது குட்டியை வாசலில் இறக்கிவிட்டு, வெள்ளச்சியின் தலையை மோந்து, மூக்கால் முடியை விலக்கிப் பார்த்தது.

"இத யாரு இப்படிப் புண்ணாக்கினது?" என்றது.

கோடன் தலை குனிந்தான்.

"தம்பி, முடி கொட்டுறதெல்லாம் ஒரே சங்கதி இல்ல. வட்டமா, வழவழன்னு அங்கங்க போனா அது புழுவெட்டு. அதுக்கு வெங்காயம் தேய்க்கலாம், கேக்கவும் கேக்கும், கேக்காமலும் போகும். காய்ச்சல்ல கெடந்து எழுந்தா கொட்டும், வயித்துக்கு இல்லாம காஞ்சாலும் கொட்டும். இவளுக்கு அதெல்லாம் இல்ல. பிள்ளை வயித்துல இருந்தப்ப விழவேண்டிய முடி விழாம நின்னுடுச்சு. இப்ப மொத்தமா விழுது. வேர் நல்லா இருக்கு பாரு, இங்க குருத்து விட்டிருக்கு."

"மருந்து?"

"முருங்கைக்கீரை போடு, கேழ்வரகு போடு, அவள நல்லாத் தூங்க விடு. தலையில ஒண்ணும் தடவாத. பிள்ளை தவழ்ந்து நடக்க ஆரம்பிக்கிறப்ப தலை நெறைஞ்சிடும். வெயிலுக்கு எங்களுக்குக்கூடத்தான் கொட்டுது. நாங்க யாரையும் வெரட்டுறதில்ல."

"மழை அதுக்கு முன்னாடியே வந்துடுமே அக்கா."

கரடியக்கா மழை வரும் மேற்குத் திசையைப் பார்த்தது. "அப்ப உங்க மூப்பன்கிட்ட நானே பேசறேன்" என்றது.

பேசவும் செய்தது. ஊர் கூடியிருந்தபோது நடுவில் வந்து நின்று, கோடனிடம் சொன்னதையெல்லாம் மூப்பனிடமும் சொன்னது. மூப்பன் சிரித்தான். "அப்படீன்னா பிள்ளை பெத்தவ எல்லாருக்கும் கொட்டணுமே" என்றான்.

"கொட்டத்தான் செய்யுது. உன் வீட்டுக்காரியையே கேளு" என்றது கரடி.

எல்லாக் கண்களும் மூப்பன் மனைவி பக்கம் திரும்பின. அவள் தலையில் துணி கட்டியிருந்தாள். இடுப்பில் அவளுடைய கடைசிப் பிள்ளை இருந்தது. வெள்ளச்சி அவளையே பார்த்தாள். அவள் அடுப்பில் முடி பொசுக்கியதை வெள்ளச்சி தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். மூப்பன் மனைவி, "எனக்கு ஒண்ணும் கொட்டலையே" என்றாள். மற்ற பெண்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்களைத் திட்டலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் ஒவ்வொருத்தி இடுப்பிலும் ஒரு பிள்ளை இருந்தது.

கரடி குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. ஊர் நடுவில் தன் மனைவியைப் பேச்சில் இழுத்த மிருகத்தை மூப்பன் மன்னிப்பானா? அவன் கோடனின் தோளில் கைபோட்டுத் தனியே கூட்டிப் போனான்.

"அது உடம்பப் பாத்தியா? தோள்ல, கழுத்துல, காதுக்குள்ளகூட முடி. கொட்டினாலும் மறுபடி முளைக்குதுன்னு அதுவே சொல்லுது. ஏன் முளைக்குது? அதோட கொழுப்புல இருக்கு மருந்து. அத மறைச்சுட்டு உன்கிட்ட கீரை சாப்பிடச் சொல்லுது."

கோடன் முட்டாள் இல்லை. நிதானமாக இருந்த ஒரு நாளில் கேட்டிருந்தால் இது பொய் என்று அவனுக்கே தெரிந்திருக்கும். ஆனால் மலைக்கு மேலே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. அவன் வீட்டில் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை கரடியக்கா வழக்கம்போலக் குட்டியை வெள்ளச்சி வாசலில் விட்டுவிட்டுக் கறையான் புற்றுக்குப் போனது. கோடன் கிழங்கு தோண்டும் பாரைக்கோலை எடுத்துக்கொண்டு பின்னால் போனான். கரடி புற்றுக்குள் மூக்கை விட்டு உறிஞ்சும்போது அதற்கு வேறெதுவும் காதில் விழாது. இதைக் கரடியக்காதான் எப்போதோ அவனிடம் சொல்லிச் சிரித்திருந்தது. அவன் நிழல் புற்றின் மேல் விழுந்ததும் அது மண் ஒட்டிய மூக்கோடு திரும்பிப் பார்த்தது.

"என்ன தம்பி, வெள்ளச்சிக்கு ஏதாச்சுமா?" என்று கேட்டது.

அவன் அடித்தான். ஒரே அடியில் அது சாகவில்லை. சாகும்வரை அது கேள்வி கேட்டதே தவிர, அவனைத் திருப்பி அடிக்கவில்லை.

தோலுரிக்க மூப்பன் ஆள் அனுப்பியிருந்தான். கொழுப்பை அங்கேயே கல்லடுப்பில் உருக்கி நெய்யாக்கினார்கள். கோடன் சுரைக்குடுக்கையில் தன் பங்கை எடுத்துக்கொண்டான். மீதியை மற்ற ஆண்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். அவர்கள் தலையில் ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் இன்னும் கொஞ்சம் அடர்ந்தால் நல்லதுதானே என்ற ஆசை. ஆளுக்குக் கொஞ்சம்தான் கிடைத்தது. நெற்றியிலிருந்து உச்சிவரை பூசினார்கள், காதோரத்துக்கும் பிடரிக்கும் எட்டவில்லை.

கோடன் குடுக்கையோடு வாசலுக்கு வந்தான். குட்டிதான் முதலில் எழுந்தது. மூக்கை உயர்த்தி மோந்தது. சந்தோஷமாக ஓடி வந்து அவன் கையை நக்கியது.

வெள்ளச்சிக்குக் குடுக்கையில் இருப்பது என்னவென்று புரிந்துவிட்டது.

"அக்கா எங்க?" என்றாள்.

அவன் குடுக்கையை முன்னால் நீட்டினான். "தலையக் காட்டு" என்றான்.

"இத என் தலையில வைக்க விடமாட்டேன்."

"உன்ன அனுப்பிட்டு இந்தப் பிள்ளைய வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? பயமா இருந்தா பாரு, முதல்ல நான் பூசறேன். ஒண்ணும் ஆகாது பாரு." சொல்லிக்கொண்டே அவன் குடுக்கையைச் சாய்த்துத் தன் நெற்றியிலிருந்து உச்சிவரை தேய்த்துக்கொண்டான்.

குட்டி அவன் கால் வழியாக ஏறியது. முதுகைப் பிடித்து மேலே வந்தது. அம்மாவின் முதுகில் எப்படி ஏறுமோ அப்படியே ஏறி, அவன் உச்சந்தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கண்ணை மூடியது. அவன் உதறினான். அது முடியை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இவங்க என்னைத் தள்ளிவிடறாங்க" என்றது. ஒரு கரடி மனித வீட்டில் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். ஆட்கள் வந்து பிடித்து இழுத்தபோது அதன் நகங்களோடு கோடனின் முடியும் தோலும் வந்தன. குட்டி ஊளையிட்டுக்கொண்டே மலைமேல் ஓடியது. அன்று பாறை இடுக்குகளில் கரடிகள் அழுத சத்தம் ஊருக்குள் கேட்டது. அதற்குப் பிறகு அவை எதுவும் பேசவில்லை.

மழை வந்தது. வெள்ளச்சி பிள்ளைக்கு ஒருமுறை பால் கொடுத்துவிட்டு ஓடையைத் தாண்டினாள். மார் கனத்து வலித்தபோது பாலைப் பாறையில் பீய்ச்சிவிட்டாள். பிறகு அதுவும் நின்றது. காட்டுக்கீரையும் கிழங்கும் தின்றாள். கரடியக்கா சொன்னபடியே, யாரும் எதுவும் தடவாத தலையில், புதுமுடி புசுபுசுவென்று முளைத்து வளர்ந்தது.

இந்தப் பக்கம் ஊரில் நெய் பூசிய ஒவ்வொருவன் தலையிலும் உச்சி வெறுமையாகிக்கொண்டு வந்தது. பூசாத காதோரமும் பிடரியும் அப்படியே நின்றன. எல்லோரும் துணி கட்டிக்கொண்டார்கள். அறுப்புக்குப் பிறகு அடுத்த விதைத்தினையைப் பார்த்தால் அதில் முடியாகக் கிடந்தது. குட்டையான, நரைத்த, ஆண்முடி. மூப்பன் அதை ஊதித் தள்ளிவிட்டு, கூடையை மூடச் சொன்னான். ஓடையைத் தாண்டும் வழக்கத்தைப் பற்றி அதன்பிறகு ஒருவரும் பேச்செடுக்கவில்லை. தங்கள் தலைக்கு வந்தபோதுதான் அவர்களுக்கு அது கட்டுப்பாடாகத் தெரியாமல் போயிற்று.

தலை நிறைய முடியோடு வெள்ளச்சி திரும்பி வந்தாள். கோடன் வாசலில் துணி கட்டிய தலையோடு உட்கார்ந்திருந்தான். பிள்ளை பிழைத்திருந்தது, தவழ்ந்துகொண்டிருந்தது. அவள் அதன்முன் உட்கார்ந்து முகத்தைக் காட்டினாள். அது அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பயந்து வீரிட்டு அழுதது.

அந்தப் பிள்ளை வளர்ந்து ஆளானான். அவன் தலையில் யாரும் எதையும் பூசவில்லை. ஆனாலும் மீசை முற்றிய வயதில் அவனுக்கும் உச்சியில் முடி போயிற்று, அவன் மகனுக்கும் போயிற்று. கீரையும் கேழ்வரகும் அதைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. அதற்கு வழி சொல்லக்கூடிய ஒரே வாயை அடித்துக் கொன்றாயிற்று. பாட்டிலில் எதை அடைத்து விற்றாலும் வாங்கிப் பூசிப் பார்க்கிற பழக்கம் மட்டும் ஆண்களிடம் தங்கிவிட்டது.

பெண்ணுக்குக் கொட்டிய முடி எப்போதும்போலத் திரும்ப வருகிறது, அன்று முதல் ஆணுக்கு உச்சியில் போனது போனதுதான் என்றாயிற்று. அன்று முதல்தான் தாய்க்கரடி தன் குட்டியை எந்த வாசலிலும் இறக்குவதில்லை, போகிற இடமெல்லாம் முதுகிலேயே சுமக்கிறது. காட்டுவழியில் மனிதன் எதிர்ப்பட்டால் கரடி அவன் கையையோ காலையோ பிடிக்காமல் நேரே தலைக்குப் பாய்வதும் அன்று முதல்தான். அது கோபம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது அங்கே தன் அம்மாவைத் தேடுகிறது.