சந்தனம் வைத்த தொட்டி

குப்பையை மலையாகக் குவித்துவிட்டு, அதன் பக்கத்திலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு வாழ்ந்த ஊர் ஒன்று இருந்தது. அந்தக் குப்பைமேடு அடிக்கடி தானாகவே தீப்பிடித்துப் புகையும். ஊரார் இருமுவார்கள். இருமிவிட்டு மறுநாளும் அங்கேதான் கொட்டுவார்கள்.

ஒருநாள் ஊருக்குச் சட்டம் வந்தது. காய்கறிக் கழிவு, எச்சில் இலை, மிச்சச் சோறு எதுவும் இனி மேட்டுக்குப் போகக்கூடாது, எல்லாம் தொட்டிக்குள் போய் எரிவாயுவாக வேண்டும் என்றது. ஊரார் கைதட்டினார்கள். கைதட்டுவதில் மட்டும் அவர்களைக் குறை சொல்லவே முடியாது.

மார்க்கெட்டுக்குப் பின்னால் தொட்டியைக் கட்டினார்கள். பெரிய வயிறு, அதன்மேல் மிதக்கும் இரும்பு மூடி. உள்ளே வாயு சேர்ந்தால் மூடி எழும்பும், குறைந்தால் இறங்கும். அங்கிருந்து ஒரு குழாய் டீக்கடை அடுப்புவரை போயிற்று. திறப்பு விழாவன்று சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். சாணியோடு வந்த நுண்ணுயிர்கள் தொட்டியின் வயிற்றில் குடியேறின. அவற்றுக்குத் தின்னக் கொடுத்தால் வாயு வரும். கொடுக்காவிட்டால் அவை செத்துப்போகும், தொட்டி வெறும் பழைய இரும்பாகிவிடும்.

சட்டத்தைப் பலகையில் எழுதித் தொட்டியின் தலைமாட்டில் நட்டார்கள். பலகை விறைப்பாக நின்றது.

தினமும் காலையில் குப்பை லாரி தொட்டியைத் தாண்டி மேட்டுக்குப் போகும். தொட்டி கூப்பிட்டுப் பார்த்தது.

"லாரியண்ணே, ஒரு நிமிஷம் நிக்கக் கூடாதா? வயிறு ஒட்டிப்போச்சு."

"நிக்கலாம். ஆனா என் முதுகைப் பாரு. வாழை மட்டையும் பிளாஸ்டிக் கவரும் ஒண்ணாக் கட்டிப்புரண்டு கிடக்கு. கவரைத் தின்னா உனக்கு ஆகாது. பிரிச்சுக் குடுக்க இந்த ஊர்ல ஒருத்தருக்கும் உடம்பு வளையல. மேடுன்னா எதையும் கேக்காது, கொட்டினா வாங்கிக்கும்."

தொட்டி பலகையிடம் முறையிட்டது. "நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லிக்கொண்டுதானே நிற்கிறேன்," என்றது பலகை. "பெரிய எழுத்தில், நாள் முழுக்க."

"யாரும் கேக்கலையே."

"கேட்கவைப்பது என் வேலை இல்லை. சொல்வதுதான் என் வேலை."

இரும்பு மூடி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. வயிற்றுக்குள் நுண்ணுயிர்கள் முனகத் தொடங்கின. "பொறுத்துக்குங்க," என்று தொட்டி அவற்றைத் தேற்றியது. "ஆயுத பூஜை வருது. ஊர் முழுக்க பூசணியும் பூவும் வாழைக்கன்னும்தான். அந்த ஒருநாள் குப்பை போதும், நாம பிழைச்சிடுவோம். நானும் ஒரு மெஷின்தானே, என்னை மறக்க மாட்டாங்க."

மறக்கவில்லைதான். தண்ணீர் அடித்துக் கழுவினார்கள். மூடியில் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டார்கள். இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினார்கள். தொட்டிக்குப் பூசணிக்காயால் திருஷ்டி சுற்றி, காய்ந்துபோயிருந்த அதன் வாய்க்கு முன்னாலேயே போட்டு உடைத்தார்கள். பொரிகடலையை ஆளுக்கொரு பை வாங்கிக்கொண்டு நகர்ந்தார்கள்.

உடைந்து கிடந்த பூசணிக்காய் தொட்டியைப் பார்த்தது. "ஒரு முழம் தள்ளி விழுந்துட்டேன். யாராவது காலால எத்திவிட்டாக்கூட உள்ளே வந்துடுவேன்."

துடைப்பத்தோடு அஞ்சலை வந்தாள். மார்க்கெட்டைப் பெருக்குகிறவள். மேற்பார்வையாளர் தணிகாசலம் நெற்றி நிறைய விபூதியோடு நின்றுகொண்டிருந்தார்.

"சார், பூசணிக்கா, வாழைக்கன்னு எல்லாத்தையும் தொட்டியிலயே போட்டுடவா?"

"ஏம்மா, உனக்கு அறிவு இருக்கா? இப்பதான் சந்தனம் வெச்சு சாமி கும்பிட்டிருக்கோம். அதுல போய்க் குப்பையைப் போடுவியா?"

"குப்பை போடத்தானே சார் கட்டினாங்க?"

"அதெல்லாம் நேத்து வரைக்கும். லாரியில ஏத்து."

அஞ்சலை துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்தாள். வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குப் போக வேண்டும். பூசணித் துண்டுகளை வாரி, வாழைக்கன்றோடு சேர்த்து லாரியில் ஏற்றினாள். கடைசியாக மாலையையும் கழற்றிப் போட்டாள். தொட்டிக்கு வந்த விருந்தெல்லாம் அதன் கண்ணெதிரே மேட்டுக்குப் போயிற்று. மேடு அன்றைக்கும் புகைந்துகொண்டுதான் இருந்தது.

அடுத்த வாரம் மேலதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். தொட்டியைச் சுற்றி வந்தார். ஈ இல்லை, நாற்றம் இல்லை, ஒரு கீரைத்தண்டுகூட இல்லை. உள்ளே எட்டிப் பார்க்க அவருக்கும் தோன்றவில்லை. டீக்கடையில் சிவப்பு சிலிண்டரில் கொதித்த டீயைக் குடித்துவிட்டு, "இவ்வளவு சுத்தமான தொட்டியை நான் எங்கேயும் பார்த்ததில்லை," என்று தணிகாசலத்தின் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஊருக்குக் கேடயமும் கிடைத்தது. ஊரார் கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டலில், இரும்பு மூடி அடியில் போய் உட்கார்ந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. தொட்டியின் வயிற்றில் கடைசி உயிரும் அடங்கியிருந்தது.

கேடயம் வாங்கிய இடம் அசிங்கமாகிவிடக் கூடாதே என்று தணிகாசலத்துக்குக் கவலை வந்துவிட்டது. பெயின்டரைக் கூப்பிட்டுப் பலகையில் இருந்ததை அழிக்கச் சொல்லி, புதிதாக எழுதவைத்தார். பெயின்ட் காய்வதற்குள் பலகை பழைய விறைப்போடு அறிவித்தது:

"இங்கே குப்பை கொட்டாதீர்கள்."

அந்த ஊரில் எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒரே சட்டம் அதுதான்.