வியாழக்கிழமைக் கொதிநீர்

"தொட்டியை ஆபரேஷன் தியேட்டர் மாதிரி வச்சிருக்கு அந்தம்மா. என்ன, வெளிய வர்றதெல்லாம் பொணம்தான்."

கொளத்தூர் வண்ணமீன் கடை வாசலில் யாரோ இருவர் சிரித்துக்கொண்டே போனார்கள். ரோஸ்லினுக்குக் கோபம் வரவில்லை. முப்பத்தொரு வருஷம் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்தவள்தான். பொணமும் உண்மைதான்.

உள்ளே ஷம்ஷாத் வலையை உதறிக்கொண்டிருந்தாள். ரோஸ்லினின் மகன் வயதுதான் இருக்கும். அந்தத் தெருவில் மீன் செத்தால் எல்லோரும் அவளிடம்தான் வருவார்கள்.

"எத்தனை போச்சு சிஸ்டர்?"

"அஞ்சு. ஒண்ணுதான் மிச்சம். பையன் கப்பலுக்குப் போறப்போ ஆறையும் என்னை நம்பி விட்டுட்டுப் போனான். சனிக்கிழமை விடிஞ்சா ஒண்ணு மிதக்குது. ஒரு வாரம் தவறல."

"தண்ணி?"

"கண்ணாடி மாதிரி. ஆனா அமோனியா டெஸ்ட் பண்ணா பச்சை, விஷம் ஏறியிருக்குன்னு. தினம் அதை முறிக்கிற கண்டிஷனர் ஊத்துறேன். மறுபடி பச்சை. எங்கிருந்துதான் வருது?"

"மீன்கிட்டேருந்துதான். அது மூச்சு விட்டாலே அமோனியா."

"கண்டிஷனர் அதை ஒழிச்சிடாதா?"

"கட்டிப் போடும். ஒரு நாள், மிஞ்சினா ரெண்டு நாள். கட்டிப் போட்டாலும் டெஸ்ட்ல பச்சையாத்தான் காட்டும். கட்டு அவுர்றதுக்குள்ள அவங்க தின்னுடணும்."

"எவங்க?"

ஷம்ஷாத் வலையைக் கீழே வைத்தாள்.

"ஃபில்டர் பஞ்சை என்ன பண்றீங்க சிஸ்டர்?"

"வியாழக்கிழமை வியாழக்கிழமை கொதிக்க வச்சு எடுத்துடுவேன்." பெருமையாகவே சொன்னாள்.

கடை முழுக்கத் தொட்டிகளின் மோட்டார்கள் முணுமுணுத்தன.

"அமோனியாவைத் தின்னுற நல்ல கிருமிங்க அந்தப் பஞ்சுலதான் குடியிருக்கும். அவங்களைத்தான் கொதிக்க வச்சிருக்கீங்க."



ஷம்ஷாத் ஒரு பழைய தொட்டிக்குள் கைவிட்டுக் கறுத்து வழவழத்த பஞ்சு ஒன்றை எடுத்தாள். அந்தத் தண்ணீரோடு சேர்த்தே கவரில் போட்டுக் கட்டினாள். மழை நனைத்த மண் வாசனை வந்தது.

"இதுல எத்தனை பேரும்மா?"

"எண்ண முடியாது. கழுவிடாதீங்க."

அன்றும் வியாழக்கிழமை.

வீட்டுக்கு வந்ததும் ரோஸ்லினின் கை தானாகவே அடுப்பில் தண்ணீர் வைத்தது. கையுறையும் மாட்டிக்கொண்டது. தண்ணீர் கொதித்தது. தொட்டி மூலையில் கடைசி மீன் அசையாமல் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. செவுள் மட்டும் படபடத்தது.

அவள் அடுப்பை அணைத்தாள். கையுறைகளைக் கழற்றினாள். கவரை அவிழ்த்து, அந்தக் கறுப்புப் பஞ்சை வெறுங்கையால் எடுத்து, கண்ணாடி போன்ற தண்ணீருக்குள் பிழிந்தாள்.