வனஜா இல்லாத ஓட்டம்

“கல்லுல அவ பேரு இருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். நான் சொன்னது தப்பா?”

இசக்கியம்மாள் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டாள். பஸ்ஸில் வரும்போதே வாயில் வைத்திருந்த கேள்வி.

வடிவம்மை கத்தரிப் பாத்தியில் களை பறித்துக்கொண்டிருந்தார். பாபநாசம் மலையடியில் ஒற்றை ஓட்டு வீடு, அதன் பின்னால் இந்தப் பாத்தி. மனக்குறையைச் சொல்ல அவரைத் தேடி வருகிறவர்கள் அங்கேதான் வர வேண்டும். இசக்கியம்மாளைவிடப் பத்து வயதாவது இளையவர். வருகிறவர்களிடம் அதிகம் பேசமாட்டார் என்று பெயர். அதனாலேயே ஆட்கள் வந்தார்கள்.

“வெயில்ல வந்திருக்கீங்க. முதல்ல தண்ணி குடிங்கக்கா.”

இசக்கியம்மாள் குடித்தாள்.

“எந்தக் கல்லு?”

“ஸ்டேடியத்து வாசல்ல இருக்க கல்லும்மா. சாதனை செஞ்சவங்க பேரெல்லாம் வெட்டியிருப்பாங்க. எண்ணூறு மீட்டர்ல வனஜா பேரு இருக்கு. இத்தனை வருசமா இருக்கு.”

“நீங்களும் ஓடுனவங்களா?”

“அதே ஓட்டத்துல ரெண்டாவதா வந்தேன்.”

வனஜாவின் பயிற்சியாளர் வேறொரு வழக்கில் மாட்டிக்கொண்டபோதுதான் பழைய கதை வெளியே வந்தது. யாருக்கெல்லாம் ஊக்கமருந்து ஊசி போட்டேன் என்று அவரே சொல்லிவிட்டார். வனஜாவிடம் போய்க் கேட்டார்கள். அவள் மறுக்கவில்லை.

தடகளச் சங்கம் கூடிப் பேசியது. சாதனையை வனஜாவிடமிருந்து எடுத்தது. அன்றைக்கு இரண்டாவதாக வந்தவளும் பழைய சாதனையை முறியடித்துத்தான் ஓடியிருந்தாள். ஆகவே இனி அது இசக்கியம்மாளுடையது. வருகிற ஞாயிற்றுக்கிழமை விழா.

இதுவரை சிக்கல் இல்லை. கல்லில்தான் சிக்கல். வனஜாவின் பெயருக்குப் பக்கத்தில் ‘நீக்கப்பட்டது’ என்று வெட்டிவிட்டு, கீழே இசக்கியம்மாள் பெயரைப் போடலாம் என்றார்கள் சிலர். பெயரையே கொத்தி எடுக்க வேண்டும் என்றார்கள் மற்றவர்கள். இரண்டு பக்கமும் சத்தம் போட்டார்கள். கடைசியில் செயலாளர், பாதிக்கப்பட்டவர் சொல்கிறபடி செய்வோம் என்று இசக்கியம்மாள் தலையில் கட்டிவிட்டார்.

“கொத்தி எடுங்கன்னு சொன்னேன். அந்த ஓட்டத்துல அப்படி ஒருத்தி இருந்தான்னே யாருக்கும் தெரியக் கூடாதுன்னு சொன்னேன். சொல்லிட்டு வந்ததுல இருந்து சாப்பாடு இறங்கல.”

வடிவம்மை ஒரு கோரையை வேரோடு இழுத்தார்.

“அவளால எவ்வளவு போச்சு தெரியுமாம்மா? அவளுக்குப் போலீஸ்ல வேலை கிடைச்சுது. வெளிநாட்டுக்குப் போனா. நான் தனியார் பள்ளிக்கூடத்துல பிள்ளைகளை வரிசையில நிறுத்திக்கிட்டு இருக்கேன். ஓட்டத்துக்கு மறுநாள் பேப்பர்ல அவ படம் பெருசா வந்துச்சு. அதுல ஓரத்துல என் முழங்கை மட்டும் தெரியும்.”

“எடுத்துரலாம்,” என்றார் வடிவம்மை.

இசக்கியம்மாள் எதிர்பார்க்கவில்லை. “எடுத்துரலாமா?”

“அவங்க செஞ்சது களவுதானே? எடுத்துரலாம். ஆனா நான் ஓட்டப்பந்தயம் பார்த்ததே இல்லக்கா. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்களேன்.”

இசக்கியம்மாள் வரப்பில் உட்கார்ந்தாள். எத்தனையோ பேருக்குச் சொன்ன கதை. ஆனாலும் சொல்லத் தொடங்கியதும் முதுகு நிமிர்ந்தது.

“மைதானத்தை ரெண்டு சுத்து வரணும். முதல் சுத்துல யாரும் வேகமா ஓட மாட்டாங்க. நானும் எப்பவும் நடுவுலதான் ஓடுவேன். கடைசியிலதான் வேகம் பிடிச்சு இழுப்பேன். அன்னைக்குத் துப்பாக்கி வெடிச்சதும் வனஜா பேய் மாதிரிக் கிளம்பிட்டா. எல்லாரும் சிரிச்சாங்க. பாதியில விழுந்துருவான்னு விட்டுட்டாங்க. எனக்கு மட்டும் மனசு கேக்கல. பின்னாலயே போனேன். எங்க கோச்சு ஓரத்துல நின்னு, ‘போகாதே, செத்துருவே’ன்னு கத்துதாரு. ரெண்டாவது சுத்துல எனக்குக் கண்ணு இருட்டிட்டு வருது. அவ பனியன் முதுகுல உப்பு பூத்திருக்கு. அதை மட்டும் பார்த்துக்கிட்டே ஓடுதேன். கடைசி வளைவுல அவ தோளுகிட்ட வந்துட்டேன். அவ மூச்சுச் சத்தம் கேக்குது. ஒரு கை நீளம்மா. ஒரு கை நீளத்துல போச்சு.”

அவளுக்கு மூச்சு வாங்கியது.

“நல்லா இருக்கு,” என்றார் வடிவம்மை. “இப்ப வனஜாவை எடுத்துட்டுச் சொல்லுங்க.”

“என்னது?”

“கல்லுல இருந்து எடுக்கப் போறோம்ல. கதையிலயும் எடுத்துட்டுச் சொல்லிப் பாருங்க. இனிமே கேக்கிறவங்களுக்கு அப்படித்தானே சொல்லணும்.”

இது என்ன பெரிய காரியம் என்று நினைத்தாள் இசக்கியம்மாள்.

“துப்பாக்கி வெடிச்சுது. நான் ஓடுனேன். முதல் வளைவுலயே வேகத்தைக் கூட்டிட்டேன்.”

“எப்பவும் நடுவுலதானே ஓடுவீங்க? அன்னைக்கு ஏன் கூட்டுனீங்க?”

இசக்கியம்மாள் வரப்பில் இருந்த புல்லைக் கிள்ளினாள்.

“சரி, அதை விடுங்க. அப்புறம்?”

“அப்புறம் கோச்சு, ‘போகாதே’ன்னு கத்துனாரு.”

“எங்க போகாதேன்னு?”

“அவ பின்னால...” என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“கண்ணு இருட்டிட்டு வந்துச்சுன்னீங்க. எதைப் பார்த்துக்கிட்டு ஓடுனீங்க?”

இசக்கியம்மாள் விருட்டென்று எழுந்தாள்.

“நீங்க அவளுக்குப் பரிஞ்சு பேசுதீங்க. அவ ஊசி போட்டுக்கிட்டு ஓடுனா. நான் கஞ்சி குடிச்சுட்டு ஓடுனேன். ஹாஸ்டல்ல பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்தவ. ஒரே வருசத்துல குரலு ஆம்பள மாதிரி ஆச்சு. எங்களுக்கெல்லாம் கண்ணு இல்லையா? கேக்கத்தான் தைரியம் இல்ல.”

“நான் பரிஞ்சு பேசல.”

“பின்ன என்ன பேசுதீங்க?”

“கதை கேட்டேன்.”

இசக்கியம்மாள் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். சொல்லிக்கொள்ளவில்லை.

பஸ் வரக் காணோம். நிறுத்தத்தில் நின்றபடி தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். துப்பாக்கி வெடிச்சுது. நான் ஓடுனேன். வெறும் மைதானம் கண்ணில் வந்தது. அதில் அவள் எப்போதும்போல நடுவில், பத்திரமாக, கடைசியில் இழுத்துக்கொள்ளலாம் என்று ஓடிக்கொண்டிருந்தாள். எத்தனை முறை சொன்னாலும் அப்படித்தான் ஓடினாள். அந்த வேகம் வரவே இல்லை.

அன்றைக்கு முன்னால் அவள் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. பின்னாலும் ஓடியதில்லை. இது அவளுக்குத் தெரியாத விஷயம் அல்ல. நினைக்காத விஷயம்.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசில் கொடுத்துக்கொண்டு பார்த்தார். அவள் ஏறவில்லை.

பாத்தியை நோக்கித் திரும்பி நடந்தாள். போகும்போது இருந்த கோபம் இல்லை. இது வேறு. பயம்.

வடிவம்மை அதே பாத்தியில், அடுத்த வரிசையில் இருந்தார்.

“அவ ஊசியிலதான் அந்த வேகம் வந்துச்சு,” என்றாள் இசக்கியம்மாள். “அந்த வேகத்துக்குப் பின்னாலதான் நான் ஓடுனேன். அப்ப என்னுதும் பொய்யாம்மா? ஞாயித்துக்கிழமை எனக்குத் தரப் போறதும் அவ ஊசிதானா?”

வடிவம்மை கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து வந்தார். முதன்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

“ஓடி முடிச்சதும் என்ன செஞ்சீங்க?”

“என்ன செய்ய? கோட்டைத் தாண்டுனதும் விழுந்துட்டேன். புல்லுல கிடந்து வாந்தி எடுத்தேன். மறுநாள் மாடிப்படி இறங்க முடியல. உக்காந்து உக்காந்து இறங்குனேன்.”

“அது யாரு வாந்தி?”

இசக்கியம்மாள் விழித்தாள்.

“என்னுது.”

வடிவம்மை பாத்திக்குத் திரும்பிக் குனிந்து களையைப் பறிக்க ஆரம்பித்தார்.

இசக்கியம்மாள் பையை வரப்பில் வைத்தாள். பிறகு சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு எதிர் வரிசையில் குனிந்தாள். அடுத்த பஸ்ஸுக்கு நேரம் ஆகும்வரை இருவரும் களை பறித்தார்கள். கிளம்பும்போது வடிவம்மை நான்கு கத்தரிக்காய் பறித்து அவள் பையில் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டேடியத்தில் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வெள்ளைச் சீருடையில் கூட்டிவந்திருந்தார்கள். சங்கத் தலைவர் பொன்னாடை போர்த்தினார். சான்றிதழ் கொடுத்தார். இசக்கியம்மாள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

செயலாளர் அவள் காதருகே குனிந்தார்.

“நாளைக்குக் கல்லு கொத்துற ஆளு வாராரும்மா. நீங்க சொன்ன மாதிரியே அந்தப் பேரை எடுத்துரச் சொல்லிரலாம்லா?”

“பேசிட்டு வந்து சொல்லுதேன்.”

மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கினார்கள்.

“அந்த ஓட்டத்தைப் பத்தி நம்ம பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கம்மா,” என்றார் தலைவர்.

கைதட்டல் எழுந்தது. நெடுநேரம் அடித்தார்கள். இத்தனை வருடமும் தனக்கு வராமல் போன கைதட்டல் இது என்று அவளுக்குத் தெரிந்தது. கண்ணை மூடிக் கொஞ்சநேரம் கேட்டாள். பிறகு கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“துப்பாக்கி வெடிச்சதும்,” என்றாள் இசக்கியம்மாள், “வனஜா பேய் மாதிரிக் கிளம்பிட்டா.”