மூடி இறுகாத குப்பி

விடையைக் கடைசியில்தான் வைத்திருக்கிறேன். கதையைப் படிக்காமல் அங்கே எட்டிப் பார்க்கிறவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது, சொல்லிவிட்டேன்.

மருதங்குளத்தில் பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் ஆலை ஒன்று. அதற்குப் பக்கத்திலேயே ஊருக்குக் குடிநீர் தரும் கிணறு. அந்தத் தண்ணீரில் எவ்வளவு ஈயம் என்று அளக்கும் வேலை நகரத்து ஆய்வகத்தில் ஜெசிந்தாவிடம் வந்தது. அளக்கும் கருவிக்குத் தானாக ஒன்றும் தெரியாது. ஈயத்தின் அளவு இவ்வளவு என்று சான்றிதழோடு விற்கும் கரைசலை முதலில் அதற்குக் காட்ட வேண்டும். அதோடு ஒப்பிட்டுத்தான் கிணற்று நீருக்கு எண் சொல்லும்.

குடிநீரில் ஈயத்துக்கு அனுமதி லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராம். ஜெசிந்தாவுக்கு வந்தது பதினான்கு. கையெழுத்திட்டு அனுப்பினாள். கிணற்றைப் பூட்டினார்கள், ஊருக்கு லாரியில் தண்ணீர் வந்தது.

அந்த ஆய்வகத்தில் கரைசல் குப்பியை வைக்கும்போது எடை போட்டு அதன்மேல் எழுதுவார்கள். எடுக்கும்போது மறுபடி எடை பார்ப்பார்கள். சோதனையன்று அவசரத்தில் ஜெசிந்தா பார்க்கவில்லை. மறுநாள் பார்த்தால், அவள் எடுத்த சில சொட்டுகளைக் கழித்தும் கரைசலில் பத்தில் ஒரு பங்கு குறைகிறது! ஒரு மாதமாக மூடி இறுகாமலே இருந்து, தண்ணீர் ஆவியாகிப் போயிருந்தது. மறைத்திருக்கலாம். அவளே போய்ச் சொன்னாள்.

தாசில்தார் ஜெசிந்தாவையும் அவள் ஆய்வகத் தலைவரையும் ஆலை மேலாளரையும் கூப்பிட்டார்.

ஆலை மேலாளர் மகுடபதிக்கு ஏகக் குஷி. "அந்தம்மாவே தப்புன்னு ஒத்துக்கிட்டாங்க. ரிப்போர்ட் செல்லாது. கிணத்தைத் திறந்து விடுங்க."

ஆய்வகத் தலைவர் சபாநாயகம் கையைக் கழுவினார். "விதிப்படி ரத்து பண்றேன் சார். புதுக் குப்பி வர ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் கிணத்தைப் பத்தி நாங்க எதுவும் சொல்றதுக்கில்ல. ஜெசிந்தா, நீ கம்முனு இரும்மா."

"இருக்க மாட்டேன் சார்," என்றாள் அவள். "பதினாலுங்கிற எண்ணை நானே அடிச்சிடறேன். தப்பு என்னோடது, வேலை போனா போகட்டும். ஆனா கிணறு பூட்டியேதான் இருக்கணும். திறக்கணும்னா இவங்க ரெண்டு பேரும் முதல்ல ஒரு மாசம் அந்தத் தண்ணியைக் குடிக்கட்டும்!"

"தப்பும் பண்ணிட்டு என்ன திமிரு பாருங்க!" என்றார் மகுடபதி.

மூவரில் யார் சொன்னது சரி?

விடை: ஜெசிந்தா சொன்னதுதான். எண்ணை ரத்து செய்ய வேண்டும் என்ற வரையில் சபாநாயகமும் சரி. அதற்கு மேல் அவர் வாயை மூடிக்கொண்டது கோழைத்தனம். ஆவியானது தண்ணீர் மட்டும், ஈயம் அப்படியே குப்பியில் இருந்தது. கரைசல் செறிந்துபோனதால், அதோடு ஒப்பிட்ட கிணற்று நீரில் ஈயம் குறைவாகத் தெரிந்தது. ஒரு கிலோ என்று எழுதிய எடைக்கல் அதற்கு மேல் கனத்தால், கத்தரிக்காய் உண்மையைவிடக் குறைவாகத்தானே தெரியும்? ஆக, கிணற்றில் இருந்தது பதினான்கைவிட அதிகம், ஏறக்குறைய பதினைந்தரை. தன் ஆலைக்குச் சாதகமாக விழுந்த தப்பையே காட்டி, ஊர்ப் பிள்ளைகள் குடிக்கிற கிணற்றைத் திறக்கச் சொன்னார் அந்த மனுஷர். என்ன நெஞ்சழுத்தம்! கிணற்றைத் திறக்கவில்லை.