நாற்பது வாயும் ஒரு தேளும்

"அந்தச் செவந்தியை என் வகுப்பிலேர்ந்து எடுத்துடுங்கம்மா. இல்லேன்னா நான் போறேன்."

மாசிலாமணிக்கு ஐம்பத்தாறு வயது. மலையடிவாரத்து மடத்தில் பிள்ளைகளுக்கு விஷக்கடி வைத்திய நூல் கற்பிப்பவர். அவருடைய குரு நீலியம்மைக்கு முப்பத்திரண்டு. அந்த வயதைப் பார்த்து அவர் ஒருநாளும் கும்பிடத் தயங்கியதில்லை. இன்று மட்டும் குரல் தடித்திருந்தது.

"அப்படி என்ன செஞ்சா?"

"நாற்பது பிள்ளைங்க ஒரே ராகத்துல படிக்குதுங்க. தேன் மாதிரி! நடுவுல இவ மட்டும் நிறுத்திட்டு, 'ஐயா, இதை எதுக்குப் படிக்கிறோம்?'ங்கறா. அதுவும் மூக்கால இழுத்து, 'எதுக்க்கு?'ன்னு!"

அச்சு அசல் செவந்தியேதான். நீலியம்மை சிரித்துவிட்டாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வாயை மூடிட்டுப் படின்னேன்."

"மூடிட்டாளா?"

"எங்கம்மா மூடறா!"

"வாங்க ஐயா. நானும் கேக்கறேன்."

வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நாற்பது தலைகள் ஆட, நாற்பது வாய்கள் திறந்து மூட, முதல் அத்தியாயம் ஊஞ்சல் போல ஆடிக்கொண்டிருந்தது. மாசிலாமணி கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார். குரு கேட்கட்டும்.

குரு கேட்கவில்லை. மூலைக்குப் போனாள். பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகத் தேளைப் போட்டு வைத்திருந்த மண்சட்டி அங்கே இருந்தது. மூடியைத் திறந்தாள். கையை உள்ளே விட்டாள்.

ராகம் அறுந்தது.

மாசிலாமணி கண்ணைத் திறந்தபோது அவள் சட்டியை மூடிக்கொண்டிருந்தாள். உதடு பல்லுக்கடியில் இருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை.

"கொட்டிடுச்சு," என்றாள். "என்ன செய்யணும்?"

"அம்மா! என்ன காரியம் பண்ணீங்க!"

"என்ன செய்யணும் ஐயா?"

தேள் ஒன்பதாம் அத்தியாயம். அவருக்குத் தெரியாதா? வாயைத் திறந்தார்.

"முதல் அத்தியாயம், வணக்கம்..." என்று வந்தது.

பிள்ளைகள் அதுதான் உத்தரவு என்று நினைத்துக்கொண்டார்கள். நாற்பது வாயும் சேர்ந்து பிடித்துக்கொண்டது. அதே ராகம். அதே தேன். அந்தத் தேனில் நடந்து ஒன்பதாம் அத்தியாயம் போய்ச்சேர முக்கால் மணி நேரம் ஆகும்.

"நிறுத்துங்கடா!"

அது தன் குரல் என்றே அவருக்குத் தெரியவில்லை.

அமைதி. அந்த அமைதிக்குள் ஒரு சத்தம் மட்டும். சர், சர், சர். செவந்தி பக்கங்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"நாய்க்கடி... வேண்டாம். பூரான்... வேண்டாம்."

பக்கத்துப் பையன் தன் புத்தகத்தைப் பிரித்தான். அப்புறம் அடுத்தவன். அப்புறம் எல்லாரும்.

"இதோ, பாம்பு!"

"பாம்பை யாருடா கேட்டா? தேளுடா, தேளு!"

"பின்னாடி பாரு, இன்னும் பின்னாடி!"

ராகமும் இல்லை, தாளமும் இல்லை. சந்தைக்கடை மாதிரி இருந்தது. மாசிலாமணிக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. தோள்துண்டை உருவிக் குருவின் மணிக்கட்டில் சுற்றி, பல்லால் கடித்து இறுக்கிக்கொண்டிருந்தார்.

செவந்தி வரியில் விரலை வைத்தாள். திக்கித் திக்கிப் படித்தாள்.

"தேள். கையை... இறுக்கிக் கட்டாதே."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐயா! கட்டாதீங்க!"

மாசிலாமணியின் விரல்கள் அப்படியே நின்றன.

"குளிர்ந்த தண்ணியில துணியை நனைச்சுப் போடணுமாம். கையை ஆட்டக் கூடாதாம். உடனே வைத்தியர்கிட்ட கொண்டு போகணுமாம்."

ஒருத்தன் தண்ணீருக்கு ஓடினான். மூன்று பேர் வண்டி கட்ட ஓடினார்கள். மாசிலாமணிக்கு முடிச்சு அவிழவில்லை. செவந்திதான் அவிழ்த்தாள்.

வண்டி வைத்தியர் வீட்டுக்கு ஆடி ஆடிப் போனது. மாசிலாமணி ஈரத்துணியைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். குருவின் கை வீங்கியிருந்தது. அவர் துணியைத் திருப்பிப் போட்டார்.

"அந்த அத்தியாயத்தை முப்பது வருஷமா படிக்கிறேன்மா. கட்டாதேன்னு போட்டிருக்கிறது என் கண்ணுலயே படலையே!"

நீலியம்மை வலியில் கண்ணை இடுக்கிக்கொண்டு சொன்னாள்:

"அப்பல்லாம் யாரையும் கொட்டலையே, ஐயா."